தானம் கொடுத்த மாட்டையும் பல்லைப் பிடித்துப் பார்ப்போம்

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். கொடுத்தவர் மனம் நோகக் கூடாது என்ற பண்பு அந்தப் பழமொழியில் இருக்கிறது. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால், அந்த மாட்டைக் கொண்டுதான் நாளை நம் நிலத்தை உழ வேண்டும், நம் பிள்ளைக்குப் பால் கறக்க வேண்டும் என்றால், பல்லைப் பார்க்காமல் இருப்பது பண்பாகுமா? இந்தக் கேள்வியைக் கணினித் துறையில் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திறந்த மூல மென்பொருள் என்ற சொல் மாணவர்களாகிய நமக்குப் புதிதன்று. ஒரு மென்பொருள் எப்படி எழுதப்பட்டது என்பதைக் காட்டும் மூலநிரலை எவரும் பார்க்கலாம், மாற்றலாம், மற்றவருக்கும் கொடுக்கலாம் என்று உரிமம் வழங்கப்பட்டிருந்தால் அதைத் திறந்த மூல மென்பொருள் என்கிறோம். பயர்பாக்ஸ் உலாவி, லிப்ரே ஆபிஸ் அலுவலகச் செயலிகள், லினக்ஸ் இயங்குதளம் ஆகியவை நாம் அறிந்த எடுத்துக்காட்டுகள். இவற்றைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் விலையில்லை என்பதையே முதலில் சொல்வர். நான் சொல்ல வருவது வேறு. இத்தகைய மென்பொருளில் அடுத்து என்ன வசதி வர வேண்டும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? பயனர் சொல்லும் கருத்துக்கு அந்த முடிவில் எவ்வளவு இடம்? கருத்தே சொல்லாத பயனரின் நிலை என்ன? கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்தவன் என்ற முறையில், இந்தக் கடைசிக் கேள்விதான் என்னை உறுத்துகிறது.

தோட்டத்துப் பள்ளியில் கற்ற பாடம்

அப்போது நான் இளங்கலை இரண்டாம் ஆண்டு மாணவன். மொழிக் கழக நண்பர்கள் அறுவர் சேர்ந்து, பெஸ்தாரி ஜெயாவை அடுத்த ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளிக்குச் சென்றோம். நன்கொடையாக வந்த பழைய கணினிகள் எட்டு, அங்கே ஓர் அறையில் கிடந்தன. அவற்றிலிருந்த இயங்குதளம் காலாவதியாகிவிட்டது. புதியது வாங்கப் பள்ளியிடம் பணம் இல்லை. நாங்கள் இரண்டு நாள் தங்கி எட்டுக் கணினியிலும் லினக்ஸை நிறுவினோம். லிப்ரே ஆபிஸை வைத்தோம். தமிழில் தட்டச்சு செய்யத் தமிழ்99 விசைப்பலகையை அமைத்தோம். தலைமையாசிரியர் எங்களுக்குப் பொன்னாடை போர்த்தினார். ஆசிரியைகள் நாசி லெமாக்கும் தேநீரும் கொடுத்தார்கள். கூடி நின்று படம் எடுத்துக்கொண்டோம். கழகத்தின் ஆண்டறிக்கையில் அது ஒரு சாதனையாகவும் இடம்பெற்றது.

மூன்று மாதம் கழித்து, விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும் வழியில் அந்தப் பள்ளிக்குள் நுழைந்தேன். கணினி அறை பூட்டிக் கிடந்தது. கண்ணாடிச் சன்னல் வழியே பார்த்தால், எட்டுக் கணினிகளும் துணி போர்த்தி உட்கார்ந்திருந்தன. ஆசிரியர் அறையில் ஒரு மூத்த ஆசிரியை சோதனைத்தாளைக் கையால் எழுதிக்கொண்டிருந்தார். "கம்ப்யூட்டர் ஓடலையா டீச்சர்?" என்று கேட்டேன். தயங்கித் தயங்கித்தான் சொன்னார்.

பத்தாண்டுகளாக அவர் சேர்த்து வைத்திருந்த கேள்வித்தாள்கள் அனைத்தும், ஒருங்குறி பரவுவதற்கு முந்தைய பழைய எழுத்துருவில் இருந்தன. நாங்கள் அமைத்த கணினியில் அவற்றைத் திறந்தால் தமிழுக்குப் பதிலாக என்னவென்றே தெரியாத குறிகள் வரிசையாக நின்றன. அடுத்தது விசைப்பலகை. நம் நாட்டு ஆசிரியர்கள் பலரைப் போலவே அவரும் ஒலிப்பைப் பின்பற்றும் அஞ்சல் முறையில், அதாவது 'அம்மா' என்பதை ஆங்கில எழுத்துகளின் ஒலியைக் கொண்டு தட்டும் முறையில் பழகியவர். நாங்களோ தமிழ்99 மட்டுமே வைத்திருந்தோம். அதுதான் 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டையொட்டித் தரமாக ஏற்கப்பட்ட முறை என்று எங்களுக்குள் பேசி முடிவு செய்திருந்தோம். டீச்சரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"முதல் வாரமே சொல்லியிருக்கலாமே டீச்சர்?" என்றேன்.

"யாருகிட்ட தம்பி சொல்றது? அதோட, லீவு நாள்ல வந்து சும்மா செஞ்சு குடுத்துட்டுப் போனீங்க. அதுல போய்க் குறை சொன்னா நல்லாவா இருக்கும்?" என்றார்.

அன்பர்களே, அந்த இரண்டு வாக்கியங்களில் ஒரு பெரிய பாடம் அடங்கியிருந்தது. முதல் வாக்கியம் வழி இல்லை என்கிறது. இரண்டாம் வாக்கியம் வழி இருந்தாலும் வாய் வராது என்கிறது. மூன்று மாதம் எங்களுக்கு ஒரு குறையும் வரவில்லை. குறை வரவில்லை என்பதால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நாங்கள் எண்ணிக்கொண்டோம். அந்த மூன்று மாதமும் அப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணினி இல்லை.

பெயர் ஒன்று, உள்ளிருப்பது ஒன்று

பெஸ்தாரி ஜெயாவின் பழைய பெயர் பத்தாங் பெர்ஜுந்தை. 2007இல்தான் பெயர் மாறியது. அவ்வட்டாரத்தில் தென்னமரம் தோட்டம் இருக்கிறது. இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அதுவே. 1917இல் பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபோக்கோனியே அங்கே செம்பனையை நட்டார். பெயரோ தென்னை, விளைந்ததோ செம்பனை. பெயரைக் கேட்டு உள்ளே இருப்பதை முடிவு செய்யக் கூடாது என்பதற்கு எங்கள் வட்டாரத்திலேயே சான்று இருக்கிறது.

திறந்த மூல மென்பொருளின் கதையும் அதுதான். 'இலவசம்' என்ற பெயரோடு அது நம் பள்ளிக்கு வருகிறது. இலவசம் என்றதும் நமக்குத் தானம் நினைவுக்கு வருகிறது. தானம் என்றால் வாய் அடைத்துப் போகிறது. உண்மையில் உள்ளே இருப்பது தானமன்று, உரிமை. பயனருக்கு மாற்றும் உரிமையைக் கொடுத்த பிறகுதான் அந்த மென்பொருளுக்கே திறந்த மூலம் என்ற பெயர் கிடைக்கிறது. நிரல் எழுதத் தெரிந்தவர் அந்த உரிமையைக் கையால் பயன்படுத்துகிறார். எழுதத் தெரியாதவர் அதை வாயால்தான் பயன்படுத்த முடியும். ஆகவே, கருத்துச் சொல்வது நன்றி கெட்ட செயலாகாது. மென்பொருளைச் செய்வதில் அது ஒரு பங்கு. பயனரை உடன் உழைப்பவராக நடத்த வேண்டும் என்று எரிக் ரேமண்ட் 1997இல் முன்வைத்த கட்டுரையில் வாதிட்டதும் இந்தப் பொருளில்தான்.

'கட்டற்ற மென்பொருள்' என்ற தமிழ்ச்சொல் இந்தக் குழப்பத்தை நீக்குகிறது. கட்டணத்தைப் பற்றிப் பேசாமல், கட்டு இல்லாமையைப் பற்றி அது பேசுகிறது. நாம்தான் அச்சொல்லை அதிகம் பயன்படுத்துவதில்லை.

உடைந்த எழுத்தும் ஒட்டிய எழுத்தும்

பயனர் கருத்து ஒரு மென்பொருளின் திட்டத்தில் எப்படி நுழைகிறது என்பதற்குத் தமிழருக்கு நேர்ந்த ஓர் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். 2004ஆம் ஆண்டின் இறுதியில் பயர்பாக்ஸ் உலாவியின் முதற்பதிப்பு வெளிவந்தது. தமிழர்கள் அதற்கு 'நெருப்பு நரி' என்று செல்லப்பெயரே வைத்துவிட்டனர். ஆனால், அதில் தமிழ் படிப்போருக்கு ஒரு தொல்லை இருந்தது. இரு ஓரமும் நேராக நிற்கும்படி அமைத்த பத்திகளில் தமிழெழுத்து உடைந்து தெரியும். 'கெ' என்பதில் முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கும். புள்ளியும் காலும் தனித்து மிதக்கும்.

காரணம் எளியது. ஓரத்தை நேராக்க வேண்டுமானால் இடைவெளியைக் கூட்டிப் பரப்ப வேண்டும். பழைய பயர்பாக்ஸ் அந்தக் கணக்கை ஒவ்வொரு குறியீட்டுக்கும் தனித்தனியே போட்டது. ஆங்கிலத்துக்கு அது சரி. ஒரு குறியீடு அங்கே ஓர் எழுத்து. தமிழில் மெய்யும் உயிர்க்குறியும் சேர்ந்தால்தான் ஓர் எழுத்து. பிரித்துக் கணக்கிட்டால் எழுத்தே சிதைகிறது. தமிழில் வலைப்பதிந்தவர்கள் பலர், வாசகர் படிக்க வேண்டுமே என்று தங்கள் பக்கத்தின் ஓர அமைப்பையே மாற்றிக்கொண்டார்கள். 2008 ஜூன் மாதம் 3ஆம் பதிப்பு வந்தபோதுதான் இத்தொல்லை தீர்ந்தது. ஏனென்றால், அப்பதிப்பில் எழுத்தை அடுக்கும் பகுதி புதிதாக எழுதப்பட்டிருந்தது.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியவை இரண்டு. முதலாவது, பயனருக்குச் சிறியதாகத் தோன்றும் குறை உள்ளே அடித்தளத்தையே தொடுவதாக இருக்கக்கூடும். அப்போது உடனே ஒட்டுப்போடாமல், அடுத்த பெரிய பதிப்பில் சரிசெய்வோம் என்று திட்டமிடுவதே முறை. இரண்டாவது, காத்திருக்கச் சொன்னால் காரணத்தையும் சொல்ல வேண்டும். மொசில்லா திட்டத்தில் பிழைக் குறிப்புகள் 1998 முதலே எவரும் பார்க்கும் பொதுப் பதிவேட்டில் இருந்து வருகின்றன. யார் என்ன சொன்னார், எந்த நிலையில் இருக்கிறது என்று அங்கே பார்க்கலாம். பார்ப்பதற்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும். அப்படி ஒரு பதிவேடு இருப்பதும் தெரிந்திருக்க வேண்டும். தோட்டப்புறத்து டீச்சர் இந்த இரண்டாவது படியிலேயே நின்றுவிடுகிறார்.

கைப்பழக்கத்துக்கு மதிப்பளித்த கலப்பை

எங்கள் விசைப்பலகைத் தவற்றைச் செய்யாத ஒரு மென்பொருளும் நம்மிடையே உண்டு. முகுந்தராஜ் முன்னின்று நடத்திய தமிழா! குழு வெளியிட்ட எ-கலப்பையைத்தான் சொல்கிறேன். கணினியில் தமிழ் தட்டுவோர் எல்லாரும் ஒரே முறையில் பழகியவர்கள் அல்லர். இலங்கைத் தமிழரில் பலர் பாமினி முறையில் பழகியவர்கள். தமிழ்நாட்டில் தட்டச்சுப் பயிற்சி நிலையத்தில் கற்றவர்களுக்குப் பழைய தட்டச்சுப்பொறி முறைதான் கையில் வரும். மலேசியாவில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் மென்பொருள் வழியாக அஞ்சல் முறை வேரூன்றியது. எ-கலப்பை இவற்றுள் ஒன்றைத் தேர்ந்து மற்றவர் மீது திணிக்கவில்லை. அஞ்சல், தமிழ்99, பாமினி எனப் பலவற்றையும் தந்தது.

அதன் தொடக்கப் பதிப்புகள், அப்போது மூடிய மென்பொருளாக இருந்த கீமேனைச் சார்ந்து இயங்கின. பின்னர் வந்த 3ஆம் பதிப்பு அந்தச் சார்பை விட்டுத் தன் மூலநிரலை முழுதும் திறந்தது. தரம் என்பது தேவைதான். ஆனால், ஐம்பது வயது ஆசிரியையின் விரல் பதினைந்து ஆண்டு பழகிய பாதையை ஒரே நாளில் மாற்றிக்கொள்ளும் என்று எதிர்பார்ப்பது திட்டமிடுதல் ஆகாது. இதை எ-கலப்பையைச் செய்தவர்கள் உணர்ந்திருந்தார்கள். அதே மென்பொருளை நன்கு அறிந்த நாங்கள் உணரவில்லை.

கேட்டதெல்லாம் கொடுக்க வேண்டுமா?

'சரி, பயனர் கேட்பதையெல்லாம் செய்துவிட வேண்டியதுதானா?' என்று நீங்கள் கேட்கலாம். கூடாது என்பதே என் கருத்து. கேட்பது ஒன்று, தேவை ஒன்று. அந்த டீச்சர் என்னிடம் கேட்டது, 'பழைய எழுத்துருவைப் போட்டுக் கொடுங்கள்' என்பதுதான். அப்படியே செய்திருந்தால், அவர் அதே பழைய முறையில் இன்னும் நூறு தாள்கள் தயாரித்திருப்பார். பத்தாண்டு கழித்து அவருக்குப் பின் வரும் ஆசிரியர் அதே சிக்கலில் மாட்டியிருப்பார். அவருடைய தேவை எழுத்துரு அன்று. பத்தாண்டு உழைப்பு வீணாகக் கூடாது என்பதுதான் அவருடைய தேவை. பழைய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றிக் கொடுப்பதே அதற்குரிய விடை. ஓப்பன் தமிழ் என்ற திறந்த மூலத் தொகுப்பில் அவ்வாறு மாற்றும் நிரல்கள் இருக்கின்றன. ஆனால், அவை நிரலாளர் எடுத்தாளும் வடிவில் உள்ளன. டீச்சர் அழுத்துவதற்கு ஒரு பொத்தான் இல்லை. வசதி உலகில் இருந்தது. அவர் கைக்குத்தான் எட்டவில்லை.

எண்ணிக்கையை வைத்து முடிவு செய்வதும் சரிவராது. உபுண்டு லினக்ஸ் திட்டத்தினர் 2008இல் பயனர் தங்கள் யோசனைகளை முன்வைத்து வாக்களிக்க ஒரு தளம் அமைத்தனர். 2013இல் அதை மூடிவிட்டனர். வாக்கு, எத்தனை பேர் விரும்புகிறார்கள் என்று காட்டும். அதைச் செய்ய எவ்வளவு உழைப்பு வேண்டும், யார் செய்வார், வேறு எது கெடும் என்று காட்டாது. வாக்களிக்க வராதவர் எத்தனை பேர் என்பதும் அதில் தெரியாது. கல்லூரிகளில் பெரிதும் பயன்படும் மூடில் என்ற கற்றல் தளத்திற்கு 2015இல் ஒரு பயனர் சங்கம் அமைந்தது. அதில் சந்தா கட்டிய உறுப்பினர் வாக்களித்து எந்த வசதியை உருவாக்கலாம் என்று முடிவு செய்கின்றனர். இது நல்ல முயற்சிதான். ஆனால், சந்தா கட்ட முடியாத பள்ளியின் குரல் அங்கே எப்படி ஒலிக்கும்?

எனக்குப் பிடித்த விடை லிப்ரே ஆபிஸ் காட்டியதுதான். பட்டியல் முறையில் பழகியவர் ஒரு பக்கம், பட்டை முறையில் பழகியவர் மறுபக்கம் எனப் பயனர் பிரிந்து நின்றனர். ஒரு சாராரை வெல்ல வைப்பதற்குப் பதிலாக, 2017இல் வந்த 5.3ஆம் பதிப்பில் புதிய முகப்பு அமைப்பைச் சோதனையாகக் கொடுத்தனர். விரும்பியவர் மாற்றிக்கொள்ளலாம், விரும்பாதவர் பழையதிலேயே இருக்கலாம். இரண்டு ஆண்டு கழித்து 6.2ஆம் பதிப்பில்தான் அது சோதனை நிலையைக் கடந்தது. கேட்பவர் வேறுபடும்போது, பழையதைப் பிடுங்காமல் புதியதைக் கொடுத்துப் பார்க்கும் இந்தப் பொறுமை பாராட்டத்தக்கது.

பேசாதவரின் பேச்சு

என் பாட்டி பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்பதைப் பற்றி அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கிராணி பெயரைக் கூப்பிடுவார். இவர்கள் குரல் கொடுப்பார்கள். அதற்கு மேல் பேச்சில்லை. ஆண்டுக்கணக்கில் அப்படி நின்ற சமூகம், தானாக வாய் திறந்து குறை சொல்லும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று.

ஆனால், கேட்க ஒரு வழி பிறந்தபோது அதே சமூகம் மிக நுணுக்கமாகப் பேசியது என்பதையும் மறக்கக் கூடாது. 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் தொடங்கிச் சிலாங்கூரின் மற்றத் தோட்டங்களுக்கும் பரவிய வேலைநிறுத்தத்தில், தொழிலாளர் தங்கள் கோரிக்கைகளைப் பட்டியலிட்டனர். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி வேண்டும் என்றனர். பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும் என்றனர். அவற்றோடு, துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்றும் கேட்டனர். சங்கத்தை வழிநடத்திய ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார் என்பது வரலாறு.

மிதிவண்டிக் கோரிக்கையை எண்ணிப் பாருங்கள். அலுவலகத்தில் உட்கார்ந்து தொழிலாளர் நலனைத் திட்டமிடும் எவருக்கும் அது தோன்றியிருக்காது. மிதிவண்டியிலிருந்து இறங்கி நின்றவருக்கு மட்டுமே அந்த வலி தெரியும். மென்பொருள் விசயத்திலும் அப்படித்தான். பயன்படுத்துபவருக்கு மட்டுமே தெரிந்த குறை என்று ஒன்று எப்போதும் உண்டு.

அண்மைக் காலச் சான்றும் இருக்கிறது. நம் நாட்டுப் பள்ளிகளுக்கெல்லாம் ஒரு மெய்நிகர் கற்றல் தளம் 2010களில் பெரும் பொருட்செலவில் கொண்டுவரப்பட்டது. அதை ஆசிரியரும் மாணவரும் மிகக் குறைவாகவே பயன்படுத்தினர் என்று 2013ஆம் ஆண்டுக்கான தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை சுட்டிக்காட்டியது. 2019இல் அத்தளம் கைவிடப்பட்டது. அது திறந்த மூல மென்பொருள் அன்று. ஆயினும், மேலிருந்து இறங்கும் திட்டம் கீழே இருப்பவர் கையில் எப்படிச் செயலற்றுப் போகும் என்பதை அது காட்டியது. எங்கள் எட்டுக் கணினிகளும் சிறிய அளவில் அதே கதைதான். மூலநிரல் திறந்திருந்தது, எங்கள் காதுகள்தான் மூடியிருந்தன.

திருவள்ளுவர் பொருட்பாலில் 'குறிப்பறிதல்' என்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். சொல்லாமலே ஒருவர் மனத்தில் இருப்பதை அறியும் திறனை அங்கே அவர் பேசுகிறார். மென்பொருளைத் திட்டமிடுவோருக்கும் அத்திறன் வேண்டும். துணி போர்த்திய கணினியும் ஒரு கருத்துத்தான். அதைப் படிக்க நேரில் போக வேண்டும்.

கேட்பதிலும் ஒரு முறை உண்டு

பயனர் பக்கத்தையே பேசிவிட்டு, செய்பவர் பக்கத்தை மறப்பது நேர்மையாகாது. பல திறந்த மூலத் திட்டங்கள் ஓரிருவரின் ஓய்வு நேரத்தில் நடப்பவை. அவர்களை அதட்டுவதற்கு நமக்கு உரிமையில்லை. எக்ஸ்.இசட். என்ற கோப்புச் சுருக்க மென்பொருளுக்கு நேர்ந்ததை இங்கே நினைவுகூரலாம். அதைப் பல ஆண்டுகளாகப் பேணி வந்தவர் ஒருவரே. 2022இல் சிலர், வேலை மெதுவாக நடக்கிறது, பொறுப்பை வேறொருவரிடம் கொடுங்கள் என்று அவரை நெருக்கினர். உதவ முன்வந்த ஒருவருக்குப் பொறுப்பில் பங்கு கிடைத்தது. அந்த உதவியாளர் உள்ளே ஒரு கள்ள வழியை ஒளித்து வைத்திருந்தது 2024 மார்ச் மாதம் கண்டுபிடிக்கப்பட்டது. நெருக்குதலும் கருத்துச் சொல்லுதலும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

ஆகவே, நல்ல கருத்துக்கு மூன்று உறுப்புகள் இருக்க வேண்டும் என்பேன். நான் என்ன செய்தேன், என்ன நடந்தது, என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தேன். 'தமிழ் சரியாக வரவில்லை' என்றால் செய்பவருக்கு ஒன்றும் விளங்காது. 'இந்தக் கோப்பைத் திறந்தேன், இந்த வரியில் கொம்பு பின்னால் போனது, முன்னால் வந்திருக்க வேண்டும்' என்றால் பாதி வேலை முடிந்தது. இதை எழுதப் பட்டம் தேவையில்லை. ஆறாம் ஆண்டு மாணவனே தமிழில் எழுதிவிடுவான்.

மொழிக் கழகங்கள் செய்யக்கூடியவை

இங்கேதான் பல்கலைக்கழக மாணவர்களாகிய நம் கடமை வருகிறது. தோட்டப்புறத்துப் பயனருக்குத் தமிழ் தெரியும், குறை தெரியும். நிரலாளருக்கு ஆங்கிலம் தெரியும், மூலநிரல் தெரியும். இருவருக்கும் இடையே நிற்கக்கூடியவர் யார்? இரு மொழியும் தெரிந்த, கணினியும் தெரிந்த, வார இறுதியில் தோட்டத்து வீட்டுக்குப் போகும் மாணவர்தாம். 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. 2004இல் அரசாங்கத் துறைகளுக்கான திறந்த மூல மென்பொருள் பெருந்திட்டத்தை மாம்பு வெளியிட்டது. மாநாடும் திட்டமும் மேலே நடந்தன. கீழே நடக்க வேண்டியதை நாம்தான் செய்ய வேண்டும்.

முதலாவதாக, ஒவ்வொரு கழகமும் ஒரு பள்ளியையாவது தத்தெடுத்து, ஒரு குறிப்பேடு வைக்கட்டும். மேற்சொன்ன மூன்று கேள்விகளும் தமிழில் அச்சிட்ட சாதாரணக் குறிப்பேடு போதும். கணினி அருகில் அது கயிறு கட்டித் தொங்கட்டும். எழுதத் தயங்குவோரிடம் அருகில் அமர்ந்து, அவர் வேலை செய்வதைப் பார்த்து நாமே எழுதலாம்.

இரண்டாவதாக, மாதம் ஒருமுறை அக்குறிப்புகளைப் படித்துத் தரம் பிரிக்க வேண்டும். எங்கள் அமைப்பால் வந்த குறையை நாங்களே தீர்க்கலாம். முன்பே யாரோ பதிவு செய்த குறையாயின் அங்கே சென்று நம் சான்றையும் சேர்க்கலாம். புதியதாயின் ஆங்கிலத்தில் தெளிவாக எழுதித் திட்டத்தின் பதிவேட்டில் இடலாம்.

மூன்றாவதாக, இதுவே மிகவும் முக்கியம், வந்த பதிலை டீச்சரிடம் திரும்பக் கொண்டுபோய்ச் சொல்ல வேண்டும். 'முடியாது' என்ற பதிலையும் சொல்ல வேண்டும். காரணத்தோடு சொன்ன மறுப்பை நம் மக்கள் ஏற்றுக்கொள்வர். பதிலே வராத இடத்தில்தான் அடுத்த முறை வாய் திறக்க மாட்டார்கள்.

கைப்பேசி யுகத்தில் இதெல்லாம் எதற்கு என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். பெருநிறுவனச் சேவைகள் இருக்கும்போது பழைய கணினியோடு ஏன் மல்லுக்கட்ட வேண்டும் என்பது அவர்கள் வாதம். அச்சேவைகள் பயனுள்ளவை என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், அங்கே ஒரு வசதியை நாளை நிறுத்தினால் நாம் வேண்டிக்கொள்ளலாம், அவ்வளவுதான். திறந்த மூலத்தில் வேண்டுகோள் மறுக்கப்பட்டாலும் மூலநிரல் நம் கையில் இருக்கிறது. தமிழ்ப் பிழைதிருத்தி, பழைய கோப்பு மாற்றி, மலாய்ச் சொற்கள் கலந்து வரும் நம் நாட்டுத் தமிழுக்கேற்ற சொற்பட்டியல் என நாம் கேட்க வேண்டியவை எவ்வளவோ இருக்கின்றன. நமக்காக வேறு யார் கேட்பார்?

அந்தப் பள்ளிக்கு நாங்கள் மீண்டும் சென்றோம். இம்முறை பொன்னாடை வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். அஞ்சல் முறை விசைப்பலகையை அமைத்தோம். டீச்சரின் கேள்வித்தாள்களை ஒருங்குறிக்கு மாற்றினோம். எல்லாம் சரியாக வந்தது என்று சொல்ல மாட்டேன். கட்டங்கள் போட்ட தாள்கள் சில கலைந்துபோயின. அவற்றை மறுபடி தட்ட வேண்டியதாயிற்று. ஆசிரியர் எல்லாரும் கணினிக்குத் திரும்பிவிடவும் இல்லை. ஆனால், புறப்படும்போது அந்த டீச்சர் எங்களைக் கூப்பிட்டு, "தம்பி, இன்னும் ஒண்ணு. அச்சடிச்சா கடைசி வரி விழ மாட்டேங்குது. எழுதி வைக்கட்டுமா?" என்று கேட்டார்.

பொன்னாடையைவிட அந்தக் குறை எங்களுக்குப் பெரிய மரியாதையாக இருந்தது. கொடுத்தவர் வேறு, வாங்கியவர் வேறு என்ற எண்ணம் அந்த நொடியில் மறைந்தது. தமிழ் நெஞ்சங்களே, மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்போம். பார்க்கத் தயங்குவோரின் கையையும் பிடித்துப் பார்க்க வைப்போம். ஏனெனில், இந்த மாடு தானமாக வந்ததன்று, நம்முடையது.